ஸ்பீக்கரை வாசித்த டீச்சர்

சவுண்ட் மிக்சரில் எந்தத் திருகு எதற்கு என்பதை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதில் பாதி உங்களுக்குத் தெரியும், மீதியை என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். என் இடது காது மந்தமாகிவிட்டது. கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். இனி நிகழ்ச்சிகளில் சவுண்ட் பக்கம் நீங்கள்தான் நிற்கப் போகிறீர்கள், சனிக்கிழமை வகுப்பையும் நீங்கள்தான் எடுக்கப் போகிறீர்கள். அதனால் இந்த வகுப்பைத் தொடங்கியவர் எப்படிப்பட்டவர், நெருக்கடியில் அவர் எப்படி யோசித்தார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். ஏற்காட்டில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எனக்கு ஒண்டிக்கடை என்ற இடத்தில் சவுண்ட் சர்வீஸ் கடை இருந்தது. கல்யாணம், சர்ச் திருவிழா, கோயில் பண்டிகை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்கள் ஸ்பீக்கர் பாக்ஸ்தான் போகும். சத்தம் எட்டு ஊருக்குக் கேட்டால் வேலை நன்றாக நடந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் எதிர்பார்த்ததில்லை. ஒரு நாள் டீச்சர் கடைக்கு வந்தார். மிஷன் ஸ்கூலில் மியூசிக் சொல்லிக்கொடுப்பவர், கொயர் நடத்துபவர் என்ற அளவுக்குத் தெரியும். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"ஏனுங்க பாய், பெரிய பேஸ் பாக்ஸ் ரெண்டு வேணுங்க. ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு மத்தியானம். வாழவந்தி ரோட்டுல ஒரு எஸ்டேட்ல பழைய காபி குடோன் சும்மா கெடக்குதில்லீங்க, அங்க."

"பாடறது யாருங்க?"

"யாரும் பாடறதில்லீங்க. நாந்தான் வாசிக்கறேன்."

"கீபோர்டுங்களா?"

"உங்க ஸ்பீக்கரத்தானுங்க."

எனக்குப் புரியவில்லை. இது அண்டர்கிரவுண்ட் இசை என்றார். குடோனுக்குக் கீழே நிலவறை ஏதாவது இருக்கிறதா, பாக்ஸை எப்படி இறக்குவது என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். சினிமாவிலும் டிவியிலும் வராத இசை, போஸ்டர் ஒட்டாமல் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து கேட்கிற இசை, அவ்வளவுதான் என்றார். பெங்களூரிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட இடங்களில் அவர் பல வருஷம் வாசித்திருக்கிறார் என்பதும், எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அவர் இசையைத் தேடிக் கேட்கிறார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சினிமாவிலும் கொஞ்ச காலம் இருந்தாராம். "அங்க பாட்டுக்குப் பின்னால நிக்கணுமுங்க பாய். எனக்குப் பாட்டே வேண்டாமுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் கூட்டம் வந்தது. மேஜை மேல் ஒரு லேப்டாப், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு பெட்டிகள். முதலில் எங்கோ தூரத்தில் பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி ஓர் உறுமல். அது மெல்ல நெருங்கி வந்து தாளமாக மாறியது. அதற்கு மேல் கடகடவென்று ஒரு சத்தம் சேர்ந்தது. வேடிக்கை பார்க்க வாசலில் நின்றிருந்த எஸ்டேட் பெண்கள் இருவரில் ஒருவர் சொன்னார்: "இது நம்ம பல்பர் ஓடற சத்தமில்லீங்களா?"

காபிப் பழத்தின் தோலை உரிக்கிற எந்திரம்தான் பல்பர். சீசனில் நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்.

"அதேதான். ஆனா அது ஓடறப்ப நமக்கு இடுப்பு வலிக்கும். இப்ப ஆடுதே" என்றார் மற்றவர்.

நான் உற்சாகமாகிச் சத்தத்தைக் கூட்டினேன். டீச்சர் தாளத்தை ஓடவிட்டுவிட்டு நடந்து வந்து என் கையை விலக்கி, முன்பிருந்ததைவிடவும் குறைத்துவிட்டுப் போனார். முடிந்த பிறகு ஏன் என்று கேட்டேன். "சத்தத்த அவங்க மேல தள்ளுனா ஒதுங்கிப் போவாங்க பாய். கொஞ்சம் கொறச்சு வெச்சா கிட்ட வருவாங்க" என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். அத்தனை வருஷத் தொழிலில் கேட்கிறவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அவர் எங்கே வாசித்தாலும் சவுண்ட் என்னுடையது என்றாகிவிட்டது.

சனிக்கிழமை வகுப்பு என் கடை மாடியில் தொடங்கியது. எஸ்டேட் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள், சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் கலந்திருந்தார்கள். எந்திரத்தைத் தொடலாம் என்று வந்தவர்களை டீச்சர் முதலில் வெளியே அனுப்பினார். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், கேட்டதை வாயால் செய்து காட்டுங்கள் என்பார். சில பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். நிற்காதவர்களில் ஒருத்தி மெர்சி. வாழவந்திப் பெண். அவள் அப்பா எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கும் சாவியும் அவர் பொறுப்பு. மெர்சி சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள், யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு சனிக்கிழமை அவள் காட்டெருமை ஒன்று பனிக்குள் நின்று மூச்சு விடுவதைச் செய்து காட்டினாள். சிரிக்க ஆரம்பித்த பிள்ளைகள் பாதியில் அடங்கிவிட்டார்கள். மாடிப்படியில் நின்று கேட்ட எனக்கே ஒரு நொடி அடுத்த படியில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தது.

டீச்சர் அவளைப் பாராட்டவில்லை. "இதயே மூணு விதமா செஞ்சுட்டு வா கண்ணு" என்றார். மெர்சி செய்துகொண்டு வந்தாள்.

இனி அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதைப் பற்றி நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அதே குடோன்தான். மெர்சி முதல் முறையாக ஆட்கள் முன்னால் வாசிக்கிற நாள். செய்தி எப்படியோ செல்போன்களில் பரவி, நாங்கள் கூப்பிடாதவர்களெல்லாம் பைக்கிலும் காரிலும் வந்துவிட்டார்கள். குடோனுக்கு முன்னால் ஒரு பெரிய இரும்புக் கதவு. பின்பக்கக் கதவை மறைத்து எஸ்டேட்டின் பழைய எந்திரங்கள் கிடந்தன. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்ததால் பகலிலும் உள்ளே இருட்டு. மெர்சி வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. வெளியே காபி காயவைக்கும் களத்தில் நின்றவர்கள் உள்ளே புகத் தொடங்கினார்கள். வாசலுக்குப் பக்கத்தில் மிக்சரோடு நின்ற நான் மேஜையோடு சேர்த்துச் சுவருக்குத் தள்ளப்பட்டேன். அப்போதும் கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மெர்சியின் காட்டெருமை மூச்சுவிட்டது, தரை அதிர்ந்தது.

இடி ஒன்று விழுந்தது. கரண்ட் போய்விட்டது.

இசை பட்டென்று அறுந்தால் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். அதுவரை எல்லோர் உடம்பும் ஒன்றாக அசைந்துகொண்டிருந்தது. அறுந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகிவிட்டார்கள். வாசல் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே வந்து தரை நனைந்திருந்தது. யாரோ ஒருவர் "கரண்ட் அடிக்குது" என்று கத்தினார்.

கரண்டே போன பிறகு கரண்ட் எப்படி அடிக்கும்? நான் அதைத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. எல்லோரும் கதவை நோக்கித் திரும்பினார்கள். சிலர் செல்போன் விளக்கைப் போட்டார்கள். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று, ஒருவர் முகத்திலிருந்த பயம் மற்றவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே விஷயம் தெரியாதவர்கள் மழைக்காக இன்னும் உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். என் காலடியில் ஒரு பெண் விழுந்துவிட்டாள். அவள் கை என் பேண்ட்டைப் பிடித்தது தெரிந்தது, ஆனால் என்னால் குனிய முடியவில்லை. நெஞ்சை மேஜை அழுத்தியது. மூச்சை உள்ளே இழுக்க இடமில்லை. மனைவியின் முகம் ஞாபகம் வந்தது.

குடோனின் மறு கோடியில் மேடை மாதிரிப் போட்டிருந்த பலகை மேல் என்ன நடந்தது என்று மெர்சி பிறகு சொன்னாள். டீச்சர் வகுப்புக்கு எடுத்துவரும், மைக்கோடு கூடிய சின்ன பேட்டரி ஸ்பீக்கரும், விரலால் தட்டித் தாளம் போடுகிற பேட்டரி டிரம் மெஷினும் பையில் இருந்தன. அவர் இருட்டில் தடவி இரண்டையும் எடுத்து இணைத்து, மெஷினை மெர்சி கையில் வைத்தார்.

"கைதட்டற சத்தம் மட்டும் போடு சாமி."

"மெதுவாங்களா டீச்சர்?"

"இல்ல. வேகமா. அவங்க இப்ப ஓடற வேகத்துக்கே போடு. எல்லாரும் சேர்ந்த பொறவு கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சுட்டு வா. நடக்கற வேகம் வந்ததும் அங்கயே நிறுத்திக்க. என்ன ஆனாலும் கைய எடுக்காத."

பிறகு டீச்சர் மைக்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தட்டுங்க."

ஓடாதீர்கள், பயப்படாதீர்கள், ஒன்றும் இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. தட்டுங்க, தட்டுங்க என்று மெஷினோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் பலகைப் பக்கம் பின்னால் நின்ற பத்துப் பேர் தட்டினார்கள். அது வேகமான தாளம், நெஞ்சு அடிக்கிற அதே வேகம், அதனால் சேர்ந்துகொள்வது எளிதாக இருந்தது. பிறகு நடுவில் இருந்தவர்கள் தட்டினார்கள். கைதட்டுவதென்றால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவரவேண்டும். முன்னால் இருப்பவரைத் தள்ளிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. ஒவ்வொருவர் நெஞ்சுக்கு முன்னாலும் ஒரு முழம் இடம் உண்டாயிற்று.

என் முதுகில் இருந்த பாரம் குறைவதை நான் உணர்ந்தேன். மூச்சு உள்ளே போனது. அப்போது தாளமும் குறைந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஆனால் எல்லோரும் அதனோடு சேர்ந்து குறைந்தார்கள். டீச்சர் மைக்கை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். கடைசி வரிசையில் இருப்பவர்களின் தோளைத் தொட்டு, "இங்க எடமிருக்குதுங்க, வாங்க" என்று பலகைப் பக்கமாகப் பின்னால் அழைத்தார். பின்னால் இருப்பவர்கள் நகர்ந்தால்தான் முன்னால் இருப்பவர்களுக்கு இடம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு எதிர்ப்பக்கம் யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் குனிந்து அந்தப் பெண்ணைத் தூக்கினேன். வாசலில் நின்றவர்களும் உள்ளே கேட்ட கைதட்டலைக் கேட்டு என்னவென்று புரியாமல் நின்றார்கள். அவர்களைக் களத்துப் பக்கம் ஒதுங்கச் சொல்ல முடிந்தது. நடக்கிற வேகத்தில் தாளம் ஓடிக்கொண்டே இருக்க, மழைக்குள் எல்லோரும் நடந்து வெளியே போனார்கள். கடைசி ஆள் போன பிறகும் மெர்சி கையை எடுக்கவில்லை. டீச்சர் போய் அவள் விரல்களை மெஷினிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

உயிர்ச்சேதம் இல்லை. விழுந்த பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கு அவளோடு காரில் போனவர் டீச்சர்தான்.

மறுநாள் எல்லோரும் டீச்சரைப் புகழ்ந்தார்கள், ஆனால் தங்கள் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பவில்லை. பெற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த சனிக்கிழமை மாடியில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டீச்சர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "பாய், வண்டியெடுங்க. மெர்சி ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

ரைட்டர் எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். பிறகு நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், உங்க மேல மரியாத இருக்குதுங்க. ஊரே சொல்லுது, நீங்க இல்லீன்னா என்னாயிருக்குமோன்னு. ஆனா நீங்க இல்லீன்னா எம் பொண்ணு அந்தக் குடோனுக்கே போயிருக்க மாட்டாளுங்களே."

டீச்சர் மறுக்கவில்லை. "நெசந்தானுங்க. வழி ஒண்ணே ஒண்ணு இருக்கற எடத்துல இனி நானும் வாசிக்க மாட்டேன், புள்ளைங்களையும் விடமாட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். அனுப்பச் சொல்லிக் கேக்க வரலீங்க."

ரைட்டர் மெர்சியைப் பார்த்தார். "பயந்தியா?"

"நொம்ப பயந்தேன்ப்பா."

"அப்பறம் எப்படி நின்ன?"

"கைய எடுத்தா நெறையப் பேரு விழுந்துருவாங்கன்னு தெரிஞ்சுது. அதனால எடுக்கல."

தலையைக் குனியாமல் அவள் பேசி அன்றுதான் நான் பார்த்தேன். அவள் அப்பாவும் அன்றுதான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். "அடுத்த தடவ நானும் கூட வருவனுங்க" என்றார் கடைசியில்.

அடுத்த தடவை என்பது வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குப்பனூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய ஒரு ஹாலில், பெங்களூர் ஏற்பாட்டாளர்கள் நடத்திய பெரிய நிகழ்ச்சி. டீச்சர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு அழைக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை. மெர்சிக்கும் அவருக்கும் ஆளுக்குப் பாதி நேரம். சாயங்காலம் இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும் என்றுதான் அனுமதி.

ஹால் நிறைந்துவிட்டது. டீச்சர் போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். பூட்டியிருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடுகிறார்கள், அதனால் பூட்டினோம், சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் கீழே சேலத்துக்குப் போயிருக்கிறார் என்றார் ஏற்பாட்டாளர்.

"சாவி வரட்டுங்க. அப்பறம் வாசிக்கறேன்."

"மேடம், ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க ஆரம்பிங்க, அதுக்குள்ள வந்துடும்."

"வரட்டுங்க."

கூட்டம் விசில் அடித்தது. யாரோ காலி பாட்டிலை மேடை மேல் எறிந்தார். ஏற்பாட்டாளர் மெர்சியிடம் திரும்பி, "நீங்களாவது ஆரம்பிங்க" என்றார். டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருந்தார், அவள் முடிவு அவளுடையதாக இருக்கட்டும் என்று. மெர்சி தன் ஒயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினாள். "எனக்கு அந்தக் குடோன் இன்னும் ஞாபகம் இருக்குதுங்க. கதவு தொறக்கட்டும்" என்றாள்.

ஏற்பாட்டாளர் கோபத்தில் என்னென்னவோ சொன்னார். இனி எந்த மேடையும் கிடைக்காது என்றார். இருவரும் அசையவில்லை. அப்போதுதான் எங்களோடு வந்திருந்த ரைட்டரைக் காணோம் என்று கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தோட்டக்காரரின் ஷெட்டிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். எஸ்டேட்டில் அத்தனை பூட்டுக்கும் பொறுப்பாக இருக்கிற மனிதர், யாரையும் கேட்காமல் அந்தப் பூட்டை உடைத்துக் கதவை அகலத் திறந்துவைத்தார். ஏற்பாட்டாளர் வாயைத் திறந்தார், ரைட்டர் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஆனால் நேரம் போய்விட்டது. ஒருவர் வாசிக்கத்தான் மிச்சம் இருந்தது.

"மெர்சி வாசிக்கட்டும்" என்றார் டீச்சர்.

எனக்குத் தாங்கவில்லை. "டீச்சர், அவங்க ரெண்டு பேரும் உங்களக் கேக்கறதுக்குன்னே அவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

"தெரியுமுங்க பாய். இப்ப நான் சண்ட போட்டுட்டு நிக்கறேன். இந்தக் கைய வெச்சு வாசிச்சா சண்டதான் கேக்கும். வந்தவங்க பாவமில்லீங்களா? அவ மனசு இப்ப தெளிவா இருக்குது. அவ வாசிக்கட்டும்."

அதில் தியாகம் எதுவும் இல்லை. அந்த நிமிஷத்தில் யார் நன்றாக வாசிப்பார் என்று ஒரு நல்ல கலைஞர் போட்ட கணக்கு அது. நான் அவரிடம் வியந்த எத்தனையோ விஷயங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். தன் பெயரை ஓரமாக வைத்துவிட்டு இசையை மட்டும் பார்க்க அவருக்கு அரை நொடி போதும்.

அந்த வருஷம் வெளிநாடு போனது மெர்சிதான். டீச்சருக்கு மறுபடி அழைப்பு வரவில்லை. அவர் சனிக்கிழமை வகுப்பை விடாமல் நடத்தினார். நாற்காலிகள் பழையபடி நிறைந்தன, நானும் அவரோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு வகுப்பை என்னிடம் விட்டுவிட்டார். இப்போதும் அவர் வீட்டில் உட்கார்ந்து புதிதாக ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கிறார்.

அன்று மெர்சி வாசித்ததை நான் விவரிக்கப் போவதில்லை. ஹாலில் யாரும் செல்போனைக் கையில் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். டீச்சர் திறந்திருந்த பின்கதவில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே இருந்து பனி அவர் காலடி வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தாமதமாக வந்த சேலத்து இளைஞர்கள் இரண்டு பேர் அவரைக் கதவுக்கு நிறுத்திய ஆள் என்று நினைத்துக்கொண்டு, "ஏனுங்கக்கா, உள்ள யாருங்க வாசிக்கறது?" என்று கேட்டார்கள்.

டீச்சர் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார்.

"மெர்சிங்க. நம்ம வாழவந்திப் பொண்ணு. முன்னால எடமிருக்குது, மெதுவாப் போங்க."